வெளிநாட்டுப் பயணத்தில் பேனாக்கத்தி: புதுச்சேரி, கடலூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தியை நம் ஊரில் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கொய்யாப்பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவ என்று பலரிடம் ஒன்று இருக்கும். அதே கத்தி சட்டைப்பையில் இருந்தால் லண்டனில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பாரிஸில் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று விளக்கம் கேட்கலாம். ஜெர்மனியில் ரயில் ஏறும்போது அதுவே குற்றமாகலாம். கத்தி மாறவில்லை, நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

பாரிஸில் அக்கா வீடு, சிங்கப்பூரில் வேலை, லண்டனில் மகன் படிப்பு என்று புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் வெளிநாட்டுத் தொடர்பு இல்லாத தெருவே குறைவு. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் என் கருத்து: கத்தி அவசியம் தேவைப்படாத பயணத்துக்கு அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தேவை என்றால் பூட்டு இல்லாத, சிறிய மடக்குக் கத்தியாக இருக்கட்டும். விமானத்தில் அது பெரிய பெட்டிக்குள் போகட்டும். எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையான ஒரு காரணம் உங்களிடம் இருக்கட்டும்.

முதல் படி: உங்கள் கத்தி எந்த வகை என்று பாருங்கள்

பல நாட்டுச் சட்டங்கள் கத்தியின் பெயரைப் பார்ப்பதில்லை. நீளம், திறக்கும் விதம், திறந்தபின் பூட்டிக்கொள்கிறதா என்ற மூன்றையும்தான் பார்க்கின்றன. ஒரு ஸ்கேல் எடுத்து, கைப்பிடி முடியும் இடத்திலிருந்து நுனி வரை அளந்து சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் நிற்கும் அளவை உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 7.5 என்று நீங்கள் நினைப்பதை 7.7 என்று அதிகாரி அளந்தால் விவாதம் அவர் மேசையில்தான் நடக்கும்.

அடுத்து பூட்டு. கத்தியைத் திறந்து, அலகின் (வெட்டும் பகுதியின்) முதுகுப்பக்கத்தைத் துணி சுற்றிய விரலால் மெதுவாக அழுத்துங்கள். சற்றே முரண்டு பிடித்துவிட்டு மடங்கினால் அது பூட்டில்லாத கத்தி. சுவிஸ் கத்தி கம்பெனியான விக்டோரினாக்ஸின் வழக்கமான 91 மில்லிமீட்டர் (மடக்கிய நிலையில் நீளம்) மாடல்கள் இந்த வகை. ஏதோ ஒரு பட்டனையோ தகட்டையோ தள்ளினால்தான் மடங்கும் என்றால் அது பூட்டுக் கத்தி. அதே விக்டோரினாக்ஸின் 111 மில்லிமீட்டர் மாடல்கள் பூட்டிக்கொள்பவை. சிவப்புக் கைப்பிடியைப் பார்த்து எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். லெதர்மேன் வேவ் போன்ற, இடுக்கியும் கத்தியும் ஒன்றாக மடங்கும் கருவிகளில் அலகு பூட்டிக்கொள்வதோடு ஒரே கையால் திறக்கவும் வரும். அந்த இரண்டு குணமும் சேர்ந்தால் சில நாடுகளில் சிக்கல் இரட்டிப்பு.

மூன்றாவதாக, பட்டனை அழுத்தியதும் பாய்ந்து திறக்கும் கத்தி. நம் சந்தைகளிலும் ஆன்லைனிலும் விளையாட்டுப் பொருள் போல விற்கும் இந்தப் பட்டன் கத்தியை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகவே கூடாது, பெட்டிக்குள்ளும் கூடாது. பிரிட்டன், ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று நம்மவர்கள் அதிகம் போகும் பல நாடுகளில் இது தடை செய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் இருக்கிறது. சுங்கத்திலேயே பிடிபடும். கையை உதறினால் தானாகத் திறக்கும் கத்தி, இருபக்கமும் கூர் உள்ள கத்தி, பேனா அல்லது சீப்பு மாதிரி வேஷம் போட்ட கத்தி, விரலிடுக்கில் பிடித்துக் குத்தும் கத்தி ஆகியவையும் இதே கணக்குதான்.

இரண்டாம் படி: வாசலிலிருந்து விமான நிலையம் வரை

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-ஆம் ஆண்டினுடையது. அதன் விதிகளில் கத்திகள் ஒரு தனி வகைக்குள் வருகின்றன: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால்தான் இதில் சேரும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதில் சேராது. ஆகவே அடுப்படிக் கத்தியும் அரிவாள்மனையும் சட்டப்படி ஆயுதமல்ல. சாதாரண பேனாக்கத்தி இந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அறிவிக்கைகள் மாறும். டெல்லியில் பட்டன் கத்திக்கு 1980 முதலே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, அங்கே அளவு 7.62 சென்டிமீட்டர்தான். டெல்லி வழியாக விமானம் மாறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று. இங்கிருந்து சென்னை, திருச்சி விமான நிலையங்களுக்குப் போகும்போது ஒன்றியப் பிரதேசத்திலிருந்து தமிழகத்துக்குள் நுழைகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளம், திண்டிவனம் பக்கம் கோரிமேடு, கடலூர் பக்கம் முள்ளோடை என்று எந்த வழியில் போனாலும் எல்லை வரும். வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் மதுப் பாட்டில் சோதனைக்குத்தான். பையைத் திறந்து பார்க்கும்போது கத்தி தென்பட்டால் எதற்கென்று கேட்பார்கள். பெட்டிக்குள் துணிகளோடு சுற்றி வைத்த மடக்குக் கத்தியை விளக்குவது எளிது. இடுப்பில் செருகியிருந்தால் விளக்குவது கடினம். தேர்தல் காலத்திலோ, ஊரில் பதற்றம் நிலவும்போதோ தடையுத்தரவு போடுவார்கள். முன்பு 144 என்று சொன்னோமே, அது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 163-ஆம் பிரிவு. அந்த நாட்களில் ஆயுதம் என்று சொல்லத்தக்க எதையும் உடலில் வைத்துக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

மூன்றாம் படி: விமானத்தில் எங்கே வைப்பது

இதற்குப் பதில் சுருக்கம். இந்திய விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்திலும் கைப்பையில் கத்தி கூடாது. சென்னையானாலும், திருச்சியானாலும், புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து உள்நாட்டு விமானம் பிடித்து வேறு நகரத்தில் மாறினாலும் இதே விதிதான். பெரிய பெட்டியில், அதாவது கவுண்டரில் எடை போட்டுக் கொடுக்கும் லக்கேஜில், வைக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்புப் பட்டியல் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத்தான் தடுக்கிறது. கனடாவிலும் 2017 நவம்பர் முதல் 6 சென்டிமீட்டர் வரை கைப்பையில் அனுமதி, அமெரிக்கா போகும் விமானங்கள் தவிர. அமெரிக்காவும் 2013-இல் இதே மாதிரி ஒரு தளர்வை அறிவித்து, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் சில மாதங்களிலேயே கைவிட்டது. இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு "6 சென்டிமீட்டர் வரை பரவாயில்லையாமே" என்று சென்னையில் வாதாடி ஒரு பயனும் இல்லை. கிளம்பும் விமான நிலையத்தின் விதிதான் அங்கே பொருந்தும்.

சீக்கியர்கள் மதக் கடமையாக அணியும் கிர்பான் என்ற குறுவாளுக்கு 2022-இல் தரப்பட்ட விலக்கும் உள்நாட்டு விமானங்களுக்கு மட்டும்தான். அதிலும் மொத்த நீளம் 9 அங்குலம், அலகு 6 அங்குலம் என்று வரம்பு உண்டு.

பெட்டியில் வைக்கும் முறையும் முக்கியம். கத்தியை மடக்கி, தடித்த அட்டையிலோ உறையிலோ போட்டு, டேப் சுற்றுங்கள். பெட்டியைத் திறந்து சோதிக்கும் ஊழியரின் கை அறுபடக் கூடாது. வெளிப்பக்கத்து ஜிப்பில் வைக்காமல் நடுவில் வையுங்கள். கிளம்பும் முன்பு கைப்பை, மடிக்கணினிப் பை, சாவிக்கொத்து, கேமரா பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். சாவிக்கொத்தில் மறந்துபோன குட்டிக் கத்தியால்தான் பலர் பொருளை இழக்கிறார்கள்.

இதில் நேரக் கணக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பைச் சோதனை பெரும்பாலும் குடியேற்ற முத்திரை விழுந்த பிறகுதான் வரும். அப்போது கத்தி அகப்பட்டால், வழியனுப்ப வந்த மொத்தக் குடும்பமும் வெளியில் நின்றாலும் யாரிடமும் கொடுக்க முடியாது. பெட்டியும் உள்ளே போயிருக்கும். அதனால் வாசலில் கையசைத்துவிட்டு உள்ளே நுழையும் முன்பே சாவிக்கொத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இருந்தால் கழற்றித் தம்பி கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு சூழ்நிலை: கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு குறைந்த கட்டண விமானத்தில் போகிறவர்கள். பெரிய பெட்டி இல்லையென்றால் கத்தியும் இல்லை, அவ்வளவுதான். விக்டோரினாக்ஸின் ஜெட்செட்டர், லெதர்மேனின் ஸ்டைல் பி.எஸ். என்று அலகே இல்லாத கருவிகளை விமானப் பயணிகளுக்காகவே செய்தார்கள். ஆனால் கத்தரி, ஸ்க்ரூடிரைவர் போன்றவற்றிலும் சோதனை அதிகாரி முடிவெடுப்பார் என்பதால், விலை உயர்ந்த கருவியைக் கைப்பையில் நம்பி வைக்க வேண்டாம்.

அரிவாள்மனை பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் குடியேறிய மகளுக்கு அரிவாள்மனையோ தேங்காய்த் துருவியோ கொண்டுபோகும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய பெட்டியில் அட்டை சுற்றி வைத்துக் கொண்டுபோகலாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் மட்டும் மரப்பலகை உள்ள பொருள் என்று வருகைப் படிவத்தில் எழுத வேண்டும். அங்கே மரம், விதை, நார் எல்லாம் உயிரியல் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டவை. துருவியில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தால் அதுவே ஒரு பிரச்சினை, நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

நான்காம் படி: போகிற நாட்டின் தெருவில் என்ன சட்டம்

விமானத்தில் பெட்டிக்குள் போகலாம் என்பதற்கும், இறங்கிய ஊரில் பாக்கெட்டில் வைத்து நடக்கலாம் என்பதற்கும் தொடர்பே இல்லை. நான் பார்த்தவரை அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். அதனால் இந்தப் பகுதி நீளமாக இருக்கும்.

பிரான்ஸ். புதுச்சேரியிலிருந்து தொடங்குவதால் முதலில் இது. அந்த நாட்டில் மடக்குக் கத்தி ஒரு பண்பாடு. சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ஓபினெல், தெற்கே லாகியோல் என்று தாத்தா பேரனுக்குக் கொடுக்கும் பொருள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்ட மேசையில் எடுத்து வைப்பார்கள். அதனால் அங்கே கத்தி வைத்திருப்பது சாதாரணம் என்று நம் சொந்தக்காரர்களே சொல்வார்கள். விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி சரிதான். ஆனால் நியாயமான காரணம் இல்லாமல் அதைத் தெருவில் உடலில் வைத்துப் போனால், டி பிரிவு (உரிமம் இல்லாமல் வாங்கக்கூடிய வகை) ஆயுதமாக எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க முடியும். சட்டத்தில் எழுதியிருக்கும் உச்சத் தண்டனை 1 ஆண்டு சிறை, 15,000 யூரோ அபராதம். இப்போது நீதிமன்றம் போகாமலேயே 500 யூரோ அபராதம் விதிக்கும் முறையும் வந்திருக்கிறது.

அலகு உள்ளங்கையைவிடச் சிறியதாக இருந்தால் பரவாயில்லை என்று பிரான்சில் பரம்பரையாகச் சொல்லிவரும் கணக்கை நம் ஆட்களும் திருப்பிச் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஓர் அளவு கிடையாது. எங்கே, எந்த நேரத்தில், எதற்காக என்பதைத்தான் பார்ப்பார்கள். மதியம் பூங்காவில் உணவுக் கூடையோடு இருக்கும் ஓபினெலும், இரவு 11 மணிக்கு மெட்ரோவில் பாக்கெட்டில் இருக்கும் ஓபினெலும் அதிகாரி கண்ணுக்கு ஒன்றல்ல. ஈஃபில் கோபுர வாசலில் எந்தக் கத்தியோடும் உள்ளே விட மாட்டார்கள். கோபுரத்துக்குக் கீழே கடையில் வாங்கிய நினைவுப் பரிசாக இருந்தாலும் சரி.

பிரிட்டன். இங்கே அளவு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, அதனால் எளிது. 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் மடக்குக் கத்தி என்றால் பூட்டில்லாததுதான். திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று 1990-களிலேயே அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இப்போது ஓபினெலுக்குத் திரும்புவோம். 1955 முதல் அதில் சுழற்றிப் பூட்டும் வளையம் வருகிறது. ஓபினெலை அளவுக்கு ஏற்ப எண் போட்டு விற்கிறார்கள், 6-ஆம் எண் முதல் எல்லாவற்றிலும் அந்த வளையம் உண்டு. பாரிஸில் அத்தான் பரிசளித்த 6-ஆம் எண் ஓபினெல், அலகு 7 சென்டிமீட்டர்தான் என்றாலும், லண்டன் தெருவில் பூட்டுக் கத்தி. 5-ஆம் எண்ணும் அதற்குக் கீழும் வளையம் இல்லாதவை, அவற்றுக்குச் சிக்கல் இல்லை.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு யூரோஸ்டார் ரயிலில் போகிறவர்கள் கவனியுங்கள். பிரிட்டன் எல்லைச் சோதனை பாரிஸ் நிலையத்திலேயே நடக்கும், பைகளும் ஸ்கேன் ஆகும். பூட்டுக் கத்தியைப் பாரிஸ் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் நிம்மதி.

பிரிட்டனில் பொது இடத்தில் கத்தி வைத்திருந்த குற்றத்துக்கு உச்சத் தண்டனை 4 ஆண்டுகள். நிலைக்கத்தி (மடங்காத கத்தி) எந்த நீளமானாலும், மடக்குக் கத்தி 3 அங்குலம் தாண்டினாலும், தக்க காரணத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். உணவகத்தில் வேலை செய்யும் நம் பையன்கள் தங்கள் கத்தியோடு போவது தக்க காரணம்தான். ஆனால் அதைச் சுருட்டிப் பையில் போட்டு, வேலைக்கு நேராகப் போய், நேராகத் திரும்ப வேண்டும். வேலை முடிந்து அதே பையோடு நண்பர்களுடன் ஊர் சுற்றினால் காரணம் கரைந்துவிடும். பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னால் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்பதில்லை.

சிங்கப்பூர், மலேசியா. இரண்டு நாடுகளுமே 1958-இல் அமிலம் போன்ற அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்குதல் ஆயுதம் மூன்றையும் சேர்த்துச் சட்டம் எழுதின. சிங்கப்பூரில் சட்டபூர்வமான நோக்கம் இல்லாமல் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பதற்கு அந்தச் சட்டம் வைத்த தண்டனை 3 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. மலேசியாவிலும் சிறையும் பிரம்படியும் உண்டு. ஒரு சாதாரண பேனாக்கத்திக்காக இந்த அளவுக்குப் போவார்களா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் போக மாட்டார்கள். ஆனால் சண்டை, வாக்குவாதம், மதுக்கடை வாசல் என்று ஏதோ ஒன்றில் பக்கத்தில் நின்று, பாக்கெட்டில் கத்தியும் இருந்துவிட்டால் நிலைமை மாறிவிடும். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமிருந்து சிங்கப்பூர் போய்க் கட்டுமானத்திலும் கப்பல் தளத்திலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு நான் சொல்வது: வேலைக் கத்தியைத் தளத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போகும்போது அது பாக்கெட்டில் இருக்கவே கூடாது.

வளைகுடா நாடுகள். வேலைக்குப் போகிறவர்கள் கத்தி எடுத்துப் போகவே தேவையில்லை. கருவி வேண்டுமென்றால் கம்பெனி கொடுக்கும், சமையல் கத்தி அங்கே கடையில் கிடைக்கும். வேலை விசாவே ஒரு வழக்கினால் போய்விடக்கூடிய இடத்தில் இந்தச் சின்ன வசதிக்காக எதையும் பணயம் வைக்காதீர்கள்.

ஜெர்மனி. 2024 ஆகஸ்டில் சோலிங்கன் நகரத் திருவிழாவில் நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு அங்கே சட்டம் கடுமையானது. சோலிங்கன் நூற்றாண்டுகளாகக் கத்தி தயாரிப்புக்குப் பேர்போன ஊர் என்பது வேதனையான விஷயம். ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தி, 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நிலைக்கத்தி இரண்டையும் காரணமின்றி உடலில் வைத்திருப்பது முன்பிருந்தே தடை. 2024 அக்டோபர் இறுதியிலிருந்து பொதுத் திருவிழாக்களிலும் தொலைதூர ரயில்களிலும் எந்தக் கத்திக்கும் தடை. அபராதம் 10,000 யூரோ வரை போகலாம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பெட்டியோடு ரயிலில் போகிற பயணி என்றால், சட்டென்று கைக்கு எட்டாதபடி பெட்டிக்குள் பூட்டி வையுங்கள்.

ஜப்பான். 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகை நியாயமான காரணமின்றி எடுத்துச் செல்வது குற்றம். 2 ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம். மடக்குக் கத்திக்கு 8 சென்டிமீட்டர் வரை சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு என்றாலும், சிறிய கத்தியை ஒளித்து வைத்திருப்பதைக் கேள்வி கேட்க வேறொரு சட்டம் இருக்கிறது. ஆகவே அந்த விலக்கை நம்பி நடக்க வேண்டாம். டோக்கியோவின் கப்பாபாஷி தெருவிலோ ஒசாகா பக்கத்துச் சகாய் நகரத்திலோ சமையல் கத்தி வாங்கினால், கடைக்காரர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்காமல், ரசீதோடு நேராக விடுதிக்குப் போங்கள்.

அமெரிக்கா. மாநிலத்துக்கு ஒரு சட்டம், சில இடங்களில் நகரத்துக்கு ஒரு சட்டம். நியூயார்க் நகரத்தில் 4 அங்குலமும் அதற்கு மேலும் கூடாது, சிறியதானாலும் வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது. டெக்சாஸில் 2017-க்குப் பிறகு மிகத் தளர்வு, 5.5 அங்குலத்துக்கு மேல் என்றால்தான் சில இடங்களில் கட்டுப்பாடு. கூட்டாட்சி அரசின் கட்டடங்களுக்குள் ஆயுதம் கூடாது என்ற சட்டத்தில் 2.5 அங்குலத்துக்குக் குறைவான பேனாக்கத்திக்கு விலக்கு உண்டு. ஆனாலும் வாசல் காவலர் வாங்கி வைத்துக்கொள்ள முடியும்.

இலங்கை. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் நமக்குப் பக்கம்தான். கப்பல் என்பதால் சோதனை இருக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரு கரையிலும் சுங்கம் உண்டு. இந்தச் சின்னப் பயணத்துக்குக் கத்தியே வேண்டாம்.

ஐந்தாம் படி: இடையில் மாறும் விமான நிலையம்

ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து துபாய் வழியாகப் பாரிஸ் போனால், பெட்டி நேராகப் பாரிஸுக்குப் போய்விடும், நீங்கள் தொடப்போவதில்லை. ஆனால் மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தவர்கள் நடுவில் பெட்டியை எடுத்து, அந்த நாட்டுக்குள் நுழைந்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி கொடுக்க வேண்டும். அந்த நிமிடத்தில் அந்த நாட்டுச் சட்டம் உங்கள் கத்திக்குப் பொருந்தும். பாரிஸில் பரவாயில்லை என்று எடுத்த கத்தி, வழியில் இருக்கும் நாட்டில் தடைப்பட்டதாக இருக்கலாம். டிக்கெட்டைப் பார்த்து, பெட்டி எந்த ஊர் வரை போகிறது என்று கவுண்டரில் கேட்டு, பெட்டிச் சீட்டில் எழுதியிருக்கும் ஊரையும் பாருங்கள். விமானம் ரத்தாகி இடையில் ஓர் இரவு தங்க நேர்ந்து பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டாலும் இதே கதைதான். பயணத் தடத்தில் எந்த நாட்டின் விதி மிகக் கடுமையோ, அதற்கு ஏற்ற கத்தியைத்தான் எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆறாம் படி: ஊருக்குள் நடமாடும்போது

கத்தி தேவைப்படும் நாளில் மட்டும் வெளியே எடுங்கள். மலையேற்றம், மீன்பிடிப்பு, பூங்காவில் சாப்பாடு என்றால் சரி. அருங்காட்சியகம், நீதிமன்றம், விளையாட்டு அரங்கம், பள்ளி, தூதரகம், இரவு விடுதி என்றால் அறையிலேயே இருக்கட்டும். எடுத்துப் போகும்போது முதுகுப்பையின் அடியில், சாப்பாட்டுப் பொருளோடு சேர்த்து வையுங்கள். காரணமும் பொருளும் ஒரே இடத்தில் இருந்தால் நீங்கள் அதிகம் பேச வேண்டியதில்லை. பேருந்தில் ஆப்பிள் நறுக்குகிறேன் என்று அலகை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் பயந்துபோய் போலீஸைக் கூப்பிடலாம். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஏழாம் படி: போலீஸ் கேட்டால்

கையை பையிலோ பாக்கெட்டிலோ விட்டு எடுத்துக் காட்டாதீர்கள். "பையில் ஒரு சிறிய கத்தி இருக்கிறது, இந்த இடத்தில்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கையை வெளியே வையுங்கள். எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு பதிலை மட்டும் சொல்லவே கூடாது: "பாதுகாப்புக்காக." நம் ஊரில் இது அப்பாவித்தனமான பதிலாகத் தோன்றும், தனியாகப் போகும் பெண்களுக்கு அம்மா சொல்லிக்கொடுத்த பதிலாகவும் இருக்கும். ஆனால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் தற்காப்பு என்பது கத்தி வைத்திருக்கத் தக்க காரணமாக ஏற்கப்படுவதில்லை. சொன்ன நிமிடமே அது ஒரு கருவி என்ற நிலையிலிருந்து ஒரு மனிதரைக் காயப்படுத்த வைத்திருந்த ஆயுதம் என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. நீங்களே அதை ஆயுதம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். தனியாகப் போகும் தங்கைகளுக்குச் சொல்கிறேன்: கத்திக்குப் பதிலாக அந்த நாட்டின் அவசர எண்ணைப் போனில் முதல் பெயராகச் சேமியுங்கள், சத்தமெழுப்பும் சிறு அலாரம் ஒன்று வாங்கிச் சாவியில் மாட்டுங்கள். ஐரோப்பா முழுக்க அந்த எண் 112, பிரிட்டனில் 999-உம் உண்டு.

காவலில் எடுத்துவிட்டால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளரும் வழக்கறிஞரும் கேளுங்கள், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் லண்டனிலோ சிங்கப்பூரிலோ மாட்டினால் பிரெஞ்சுத் தூதரகத்தைத்தான் கேட்க வேண்டும், இந்தியத் தூதரகம் அவர்களுக்குப் பொறுப்பல்ல. பிரான்சுக்குள்ளேயே என்றால் அவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள், தூதரகம் என்ற பேச்சே வராது, வழக்கறிஞர்தான் வழி.

எட்டாம் படி: திரும்பி வரும்போது

வாங்கிய கத்தியைத் திரும்பும் பெட்டியில் வைத்து, ரசீதையும் கூடவே வையுங்கள். கடைசி நாளில் விமான நிலையத்துக்குப் போகும் ரயிலிலும் மெட்ரோவிலும் அது பெட்டிக்குள்ளேயே பூட்டியிருக்கட்டும். விமான நிலையக் கடையில், சோதனைக்குப் பிறகு வாங்கிய கத்திப் பரிசுப் பெட்டி என்றால் இடையில் மாறும் ஊரில் மறுபடி சோதனை வரும், அங்கே பறிபோகும். ஆகவே நகரத்திலேயே வாங்குங்கள்.

நேபாளத்துக் குக்ரி என்ற வளைந்த கத்தி போன்றவற்றை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அலகின் நீளத்தையும் அகலத்தையும் கடையிலேயே அளந்து பாருங்கள். 9 அங்குலத்துக்கு மேலோ, அகலம் 2 அங்குலத்துக்கு மேலோ இருந்தால் அது நம் ஆயுத விதிகளுக்குள் நுழைகிறது, சுங்கத்தில் அலங்காரப் பொருள் என்று சொல்வது எடுபடாமல் போகலாம். பட்டன் கத்தியை எந்த ஊரில் எவ்வளவு மலிவாக விற்றாலும் வாங்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பரிசு வேண்டுமென்றால் பூட்டு வளையம் இல்லாத சிறிய ஓபினெலோ, 58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸோ வாங்குங்கள். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால், சென்னையிலிருந்து வீடு வரை அதைப் பற்றி யாரும் கேட்க வாய்ப்பு மிகக் குறைவு.